பொது சுகாதாரக் கல்லூரியில் புதிதா? வந்து குவியும் அறிவிப்புகளை என்ன செய்வது

பொது சுகாதாரக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிடும். ஆராய்ச்சி நிதிக்கான சுற்றறிக்கை, பயிற்சி வகுப்பு, விருதுக்குப் பரிந்துரை, மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம், ஆய்வுகளில் சேரும் மக்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் கூட்டத் தேதி, உள்காலியிட அறிவிப்பு, பதவி உயர்வுக் கோப்பு பற்றிய நினைவூட்டல் என்று எல்லாம் கலந்து கட்டி வரும். சிலர் 'அப்புறம் பார்க்கலாம்' என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்து ஆறே மாதத்தில் களைத்துப்போகிறார்கள். வாய்ப்பு வராமல் போனவர்கள் குறைவு. அறிவிப்பு வந்த அன்று கையில் எதுவும் தயாராக இல்லாமல் கோட்டைவிட்டவர்கள்தான் அதிகம். ஆகவே தயாரிப்பிலிருந்தே தொடங்குவோம். பாடம் நடத்துபவர்களுக்கு மட்டுமல்ல, ஆய்வகம், தரவுப் பிரிவு, நூலகம், அலுவலகம் என்று எங்கே இருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். அலுவலகப் பணியாளர்களுக்கென்று தனியாகவும் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது.

1. ஒரு கோப்புறை, ஒரு பக்கம்

கணினியில் ஒரு கோப்புறை திறந்து, எந்த விண்ணப்பமும் கேட்கக்கூடியவற்றை அதில் போட்டு வையுங்கள். பட்டச் சான்றுகளின் தெளிவான நகல், நியமன ஆணை, முழு பயோடேட்டா, இரண்டு பக்கச் சுருக்கம், மூன்றாம் நபர் உங்களைப் பற்றிச் சொல்வதுபோல் நூறு சொல்லில் ஒரு அறிமுகம். இந்த நூறு சொல் அறிமுகத்தைத்தான் எல்லோரும் கடைசி நிமிடத்தில் எழுதுவார்கள். மேடையில் வாசிக்கும்போது அது காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது ஆர்கிட் எண். 2012-இல் தொடங்கிய இந்தச் சேவை ஒவ்வொரு ஆய்வாளருக்கும் 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாகத் தருகிறது. நம் பெயர்களுக்கு இது மிகவும் தேவை. தலைப்பெழுத்து ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் என்று வந்தால், தேடுபொறிக்கு நீங்கள் மூன்று பேர். பெயரை எப்படி அச்சிடுவது என்பதை இன்றே முடிவு செய்து, இனி மாற்றாதீர்கள்.

ஆய்வு நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழும் அந்தக் கோப்புறையில் இருக்க வேண்டும். மனிதர்களைப் பற்றிய எந்த ஆய்விலும் பெயர் சேர இதைக் கேட்பார்கள். பெரும்பாலும் இணையவழிப் பயிற்சிதான். சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் பல இடங்களில் சான்றிதழ் சில ஆண்டுகளில் காலாவதியாகும். காலாவதித் தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்தால் பிறகு தேட வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது: உங்கள் ஆய்வு எண்ணத்தைச் சொல்லும் ஒரு பக்கம். என்ன பிரச்சினை, யாருக்கு, இதுவரை தெரிந்தது எது, தெரியாதது எது, நீங்கள் கண்டுபிடிக்கப்போவது என்ன, அது தெரிந்தால் யார் எதை மாற்றுவார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், அதாவது என்.ஐ.எச்., ஆய்வு நோக்கங்களுக்குக் கொடுக்கும் இடமே ஒரே ஒரு பக்கம்தான். அதன் ஆர்01 என்ற பெரிய ஆய்வு நிதிக்கு ஆய்வுத் திட்ட விளக்கம் 12 பக்கம், ஆர்21 என்ற சிறிய, தொடக்க ஆய்வு நிதிக்கு 6 பக்கம். அந்தப் பக்கங்களுக்கெல்லாம் வேர் இந்த ஒரு பக்கம். துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், கணக்குப் பிரிவில் இருப்பவரானாலும் சரி, கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் அவர் புருவம் சுருங்குகிறதோ அந்த வரியைத் திருத்துங்கள்.

2. கடைசித் தேதிக்கு முன்னால் ஒரு கடைசித் தேதி

சுற்றறிக்கையில் அச்சிட்டிருக்கும் தேதி நிதி கொடுப்பவரின் தேதி. உங்களுடையது அதற்கு முன்பே வந்துவிடும். விண்ணப்பத்தைப் பெரும்பாலும் நீங்கள் நேரடியாக அனுப்ப முடியாது. நிறுவனத்தின் பெயரில்தான் போகும். துறைத் தலைவர் கையெழுத்து, கணக்குப் பிரிவு பட்ஜெட்டைப் பார்ப்பது, ஆராய்ச்சி அலுவலகம் விதிகளைச் சரிபார்ப்பது, டீன் ஒப்புதல் என்று கோப்பு நகரும். இதற்காகப் பல நிறுவனங்கள் ஒரு வாரமோ பத்து வேலைநாளோ முன்பே முழு விண்ணப்பத்தைக் கேட்கின்றன. இடையில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் போவதும் உண்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆராய்ச்சி அலுவலகத்துக்கு நேரில் போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: "கல்லூரியின் உள்கெடு எத்தனை நாள் முன்னால்?", "யார் யார் கையெழுத்து?" இந்த இரண்டுக்கும் பதிலை வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு வகை அறிவிப்பு புதியவர்கள் கண்ணில் படுவதே இல்லை. 'ஒரு நிறுவனத்திலிருந்து ஒரே ஒரு விண்ணப்பம்' என்ற நிபந்தனை இருந்தால், கல்லூரிக்குள்ளேயே முதலில் ஒரு போட்டி நடக்கும். அதற்கான தேதி வெளி அறிவிப்பில் இருக்காது; உள்சுற்றறிக்கையில் மட்டும், வெளித் தேதிக்கு ஓரிரு மாதம் முன்னால் வரும். அதைத் தவறவிட்டவர் பிறகு எவ்வளவு நல்ல திட்டம் வைத்திருந்தாலும் பயனில்லை.

திரும்பத் திரும்ப வரும் தேதிகளை ஆண்டு நாட்காட்டியில் ஒரே முறை ஏற்றிவிடுங்கள். என்.ஐ.எச்.-இன் புதிய ஆர்01 விண்ணப்பங்களுக்கு வழக்கமான தேதிகள் பிப்ரவரி 5, ஜூன் 5, அக்டோபர் 5. ஆர்21-க்கு அதே மாதங்களின் 16-ஆம் தேதி. மாநாடுகள் இன்னும் ஏமாற்றும். 1872-இல் தொடங்கிய அமெரிக்கப் பொது சுகாதாரச் சங்கத்தின் ஆண்டு மாநாடு ஆண்டின் பிற்பகுதியில் நடக்கும். அதற்கான ஆய்வுச் சுருக்கங்களை ஆண்டின் முற்பகுதியிலேயே கேட்டுவிடுவார்கள். அக்டோபரில் மாநாட்டுச் செய்தி பார்த்து ஆர்வம் வந்தால், அது அடுத்த ஆண்டுக்கான ஆர்வம்.

சுகாதார விழிப்புணர்வு நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் 24 காசநோய் நாள், ஏப்ரல் 7 உலக சுகாதார நாள், மே 31 புகையிலை ஒழிப்பு நாள், டிசம்பர் 1 எய்ட்ஸ் நாள். இந்த நாட்களை ஒட்டிக் கல்லூரிகள் சிறு நிகழ்ச்சிகளுக்கும் சொற்பொழிவுகளுக்கும் பணம் ஒதுக்குவது வழக்கம். இரண்டு மாதம் முன்னால் ஒரு பக்கத் திட்டத்தோடு வருபவருக்குத்தான் அது கிடைக்கும், பெரும்பாலும் போட்டியே இல்லாமல்.

3. அறிவிப்பைப் படிக்கும் முறை

நீண்ட அறிவிப்பை முதல் வரியிலிருந்து படிக்காதீர்கள். முதலில் தகுதி. அதில் ஒரு சொல் தடுத்தாலும் மேலே படிக்க வேண்டாம். 'தொடக்கநிலை ஆய்வாளர்' என்று எழுதியிருந்தால் அது வயதைக் குறிப்பதாக நினைக்க வேண்டாம். என்.ஐ.எச். கணக்கில் இறுதிப் பட்டமோ மருத்துவ மேற்பயிற்சியோ முடித்து 10 ஆண்டுக்குள் இருந்து, அதன் பெரிய ஆய்வு நிதி எதையும் முதன்மை ஆய்வாளராக வாங்காதவர் தொடக்கநிலை ஆய்வாளர். அந்தக் காலத்துக்குள் குழந்தை பிறந்திருந்தால் ஓராண்டு நீட்டிப்புக் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது. கேட்டால்தான் கிடைக்கும்.

தகுதிக்குப் பிறகு பணம். மொத்தத் தொகை பெரியதாகத் தெரியும். அதில் கல்லூரியின் மேல்செலவும் அடக்கமா என்று பாருங்கள். மின்சாரம், கட்டடம், நிர்வாகம் என்று கல்லூரி எடுத்துக்கொள்ளும் பங்கு அது. சில அமைப்புகள் அதைத் தனியாகத் தரும், சில வரம்பு வைக்கும், சில தரவே தராது. என்.ஐ.எச். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனங்களுக்கு மேல்செலவாகத் தருவது 8 சதவீதம் வரைதான். உங்கள் கல்லூரி இதைவிட அதிகம் எதிர்பார்த்தால், அந்தப் பேச்சு விண்ணப்பத்துக்கு முன்னால் நடக்க வேண்டும்.

மூன்றாவதாக மதிப்பீட்டு அளவுகோல்கள். இதை யாரும் படிப்பதில்லை, ஆனால் விடைத்தாளைத் திருத்துபவர் கையில் இருக்கும் குறிப்பு இதுதான். 2025 ஜனவரி முதல் என்.ஐ.எச். பெரும்பாலான ஆய்வுத் திட்ட விண்ணப்பங்களை மூன்று காரணிகளில் பார்க்கிறது: ஆய்வின் முக்கியத்துவம், முறையின் கறாரும் செய்துமுடிக்கும் சாத்தியமும், ஆய்வாளரின் திறனும் வசதிகளும். முதல் இரண்டுக்குத்தான் மதிப்பெண். மூன்றாவது, போதுமானதா இல்லையா என்பதோடு நின்றுவிடும். பெரிய பெயர் இல்லையே என்று தயங்கும் புதியவர் இதைக் கவனிக்க வேண்டும்.

அளவுகோல்களைத் துணைத்தலைப்புகளாக வைத்து விண்ணப்பம் எழுதினால், மதிப்பிடுபவர் எதையும் தேட வேண்டியிருக்காது. இரவு பதினோரு மணிக்கு எட்டாவது விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம் அது.

பிறகு சந்தேகம் இருந்தால், அறிவிப்பில் உள்ள திட்ட அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு பக்க எண்ணத்தை இணைத்து, "இது உங்கள் அறிவிப்பின் எல்லைக்குள் வருமா?" என்று மட்டும் கேளுங்கள். தொந்தரவாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். அவர்கள் வேலையே அது.

4. எதிலிருந்து தொடங்குவது

முதல் ஆண்டில் பெரிய நிதியைத் துரத்த வேண்டாம் என்பது என் கருத்து. கல்லூரியின் சொந்தத் தொடக்கநிலை நிதி, அடுத்த துறையின் திட்டத்தில் இணை ஆய்வாளர் இடம், ஏற்கெனவே சேகரித்துக் கிடக்கும் தரவை அலசும் ஒரு கட்டுரை. இவற்றிலிருந்து தொடங்கினால் அடுத்த விண்ணப்பத்தில் 'முதற்கட்ட முடிவுகள்' என்ற பகுதி காலியாக இருக்காது.

உலக சுகாதார நிறுவனத்தில் இயங்கும் டி.டி.ஆர். என்ற வெப்பமண்டல நோய்கள் ஆராய்ச்சி, பயிற்சித் திட்டம் 1975 முதல் இருக்கிறது. யுனிசெஃப், ஐ.நா. வளர்ச்சித் திட்டம், உலக வங்கி ஆகியவையும் அதன் பங்காளிகள். அது ஒருங்கிணைக்கும் சார்ட் இட் பயிற்சி, சுகாதாரத் திட்டங்களில் தினசரி பதியும் பதிவேட்டுத் தரவையே வைத்து ஆய்வு செய்து கட்டுரை எழுதி முடிப்பது வரை கூடவே நின்று கற்றுத்தருகிறது. புதிதாகத் தரவு சேகரிக்கப் பணமில்லை என்பவர்களுக்கு இந்த வழி ஏற்றது. செயலாக்க ஆராய்ச்சி, அதாவது பலன் தெரிந்த சிகிச்சைகளை நடைமுறையில் மக்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி என்ற ஆய்வு, பற்றி டி.டி.ஆர். நடத்தும் இணைய வகுப்பு இலவசம்.

படிக்க இதழ்கள் கிடைக்கவில்லை என்றால் நூலகரிடம் ஹினாரி பற்றிக் கேளுங்கள். 2002-இல் தொடங்கிய இந்தத் திட்டம், வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவ இதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ திறந்துவிடுகிறது. தகுதி நாட்டையும் நிறுவனத்தையும் பொறுத்தது. பதிவும் நிறுவனத்தின் பெயரில்தான். தனியாள் சேர முடியாது.

5. பட்ஜெட்

நல்ல திட்டங்கள் பலவும் அடிவாங்கும் இடம் இது. புதியவர் போடும் பட்ஜெட்டில் களப்பணியாளர் சம்பளம், பயணம், ஒரு மடிக்கணினி, 'இதர செலவுகள்' என்று நாலு வரி இருக்கும். வீடு வீடாகப் போகும் ஒரு கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு நிஜத்தில் என்னென்ன ஆகும் என்று பாருங்கள்.

கேள்வித்தாளை மக்கள் மொழியில் பெயர்க்க வேண்டும். பெயர்த்ததை வேறொருவர் மூல மொழிக்குத் திரும்பப் பெயர்த்துச் சரிபார்க்க வேண்டும். ஒப்புதல் படிவம் ஆளுக்கு இரண்டு நகல், ஒன்று பங்கேற்பவரிடமே இருக்கும். களப்பணியாளர்களுக்குப் பயிற்சி நாட்களிலும் சம்பளம் உண்டு. முன்னோட்டச் சோதனைக்கு இரண்டு மூன்று நாள். பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை போக வேண்டும். பயணச் செலவை வீட்டுக்கு ஒரு முறை என்று கணக்கிட்டவர் இங்கேதான் மாட்டுவார். ரத்த மாதிரி எடுத்தால் குளிர்ப்பெட்டி, அதைக் கொண்டுபோக வண்டி, கழிவை அகற்றும் செலவு. கைபேசியில் தரவு பதிந்தால் கருவி, டேட்டா, சார்ஜ் போட இன்னொரு பேட்டரி. சோதனையில் நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களை மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு. முடிவில் தரவைச் சரிபார்ப்பவருக்கும் அலசுபவருக்கும் மாதச் சம்பளம், கட்டுரை வெளியீட்டுக் கட்டணம், முடிவுகளை அதே மக்களிடம் திரும்பப் போய்ச் சொல்லும் கூட்டம், தணிக்கைக் கட்டணம்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். 'இதர செலவுகள்' என்ற வரியை முடிந்தவரை ஒழித்துவிடுங்கள். மதிப்பிடுபவர் கண் நேரே அங்கேதான் போகும். கணக்குப் பிரிவில் இருப்பவரை வரைவு நிலையிலேயே கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு சம்பள உயர்வு, வரி, வாங்கும் விதிகள் எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

6. நெறிமுறைக் குழு

பணம் வந்த பிறகு நெறிமுறை ஒப்புதல் வாங்கலாம் என்று விடக் கூடாது. சில அமைப்புகள் ஒப்புதல் கடிதம் இல்லாமல் முதல் தவணையே விடுவிக்காது. குழு மாதம் ஒரு முறை கூடும் என்றால், ஒரு திருத்தம் கேட்டாலே இரண்டு மாதம் போய்விடும். ஒப்புதல் படிவம்தான் அதிகம் திரும்பி வருவது. 1964-இல் ஹெல்சின்கியில் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற மருத்துவ ஆய்வு நெறிமுறைப் பிரகடனம் 2024-இல் மீண்டும் திருத்தப்பட்டபோது, ஆய்வில் சேரும் மக்களை 'பங்கேற்பாளர்கள்' என்றே குறிப்பிடத் தொடங்கியது. படிவம் எழுதும்போது அந்த மரியாதை வரிகளில் தெரிய வேண்டும்: எளிய சொல், சிறிய வாக்கியம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது முதல் பக்கத்திலேயே.

தரவுப் பகிர்வுத் திட்டமும் இப்போது விண்ணப்பத்தின் பகுதி. அறிவியல் தரவை உருவாக்கும் ஆய்வுகளுக்கு என்.ஐ.எச். இதை 2023 ஜனவரி 25 முதல் கேட்கிறது.

7. பாடம் நடத்தாத பணியாளர்களுக்கு

'ஆசிரியர்கள், பணியாளர்கள் அனைவருக்கும்' என்று தொடங்கும் சுற்றறிக்கையைப் பார்த்ததும், அது நமக்கில்லை என்று மூடிவிடுவது அலுவலகத்தில் சகஜம். அப்படி மூடும் முன் தகுதிப் பத்தியை ஒரு முறை பாருங்கள். பயிற்சி நிதி, கட்டணச் சலுகையுடன் பட்டப் படிப்பு, சிறந்த பணியாளர் விருது, உள்காலியிடம் இவற்றில் பல விண்ணப்பதாரர் இல்லாமலே முடிந்துபோகின்றன.

நெறிமுறைக் குழுவிலும் இடம் உண்டு. அமெரிக்க விதிப்படி அத்தகைய குழுவில் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது அறிவியல் துறை சாராதவராகவும், ஒருவராவது நிறுவனத்தோடு தொடர்பில்லாதவராகவும் இருக்க வேண்டும். வேறு பல நாடுகளிலும் இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. கல்லூரியின் ஆய்வுகள் அத்தனையும் மேசை மேல் வந்துபோகும் இடம் அது. ஆறு மாதம் உட்கார்ந்தால் யார் என்ன செய்கிறார்கள் என்பது அத்துப்படியாகிவிடும். கல்லூரிக்கு வெளி அமைப்பு தரும் தர அங்கீகாரத்துக்கான சுயமதிப்பீட்டுக் குழுவும் அப்படித்தான். வேலை அதிகம், நன்றி குறைவு. ஆனாலும் புதியவர் கல்லூரியைத் தெரிந்துகொள்ள அதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

ஆய்வக நுட்பர்களும் தரவு மேலாளர்களும் கட்டுரையில் தங்கள் பெயர் பற்றி ஆய்வு தொடங்கும்போதே பேச வேண்டும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ ஆழமாகத் திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், முழுப் படைப்புக்கும் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் நன்றியுரையில்தான் பெயர் வரும். ஆகவே வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்பைக் கேட்டு வாங்குங்கள். யார் எதைச் செய்தார்கள் என்பதை 14 பங்களிப்பு வகைகளாகக் குறிக்கும் கிரெடிட் முறையைப் பல இதழ்கள் இப்போது கேட்கின்றன. தரவைப் பராமரித்தது, மென்பொருள் எழுதியது எல்லாம் அதில் தனித்தனி வகை.

8. தள்ளிவிட வேண்டியவை

"மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, தங்கள் மகத்தான கட்டுரையைக் கண்டு வியந்தோம்" என்று தொடங்கி, ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று முடியும் கடிதம் வந்தால், கட்டணம் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். நூலகர் ஜெஃப்ரி பீல் 2010 வாக்கில் இத்தகைய இதழ்களைக் கொள்ளையடிக்கும் இதழ்கள் என்று பெயரிட்டார். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ்களின் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் அந்த இதழ் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் ஒருவருக்கு நேராக எழுதிக் கேட்பது இரண்டாவது. மாநாட்டு அழைப்புகளுக்கும் இதேதான்: உங்கள் துறையே அல்லாத தலைப்பில் தலைமையுரைக்கு அழைத்து, பதிவுக் கட்டணமும் கேட்டால் அழித்துவிடுங்கள்.

உண்மையான வாய்ப்பானாலும் உங்கள் ஆய்வை வளைத்து ஒடித்தால்தான் பொருந்தும் என்றால், அதையும் விட்டுவிடுங்கள். வளைத்து வாங்கிய பணத்தில் மூன்றாண்டு வேறொருவர் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்க நேரும்.

9. பதில் வந்த பிறகு

மறுப்புக் கடிதம் வந்தால் மதிப்பீட்டாளர் கருத்துகளை அன்றே படித்துவிட்டு மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருந்தால் குழி அங்கேதான் இருக்கிறது. என்.ஐ.எச்.-இல் திருத்திய விண்ணப்பத்தை முதல் விண்ணப்பத்திலிருந்து 37 மாதத்துக்குள் மறுபடி அனுப்பலாம். அதில் ஒரு பக்க முன்னுரை உண்டு. கருத்து ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தீர்கள் என்று அங்கே சொல்ல வேண்டும். ஏற்காததற்கு ஏன் ஏற்கவில்லை என்பதையும் கோபம் தெரியாமல் சொல்ல வேண்டும்.

கிடைத்துவிட்டால் அனுமதி ஆணையைக் கணக்குப் பிரிவோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். தொடங்கும் தேதி, தவணைகள், ஒரு செலவுத் தலைப்பின் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற எத்தனை சதவீதம் வரை அனுமதி, அறிக்கைத் தேதிகள், கட்டுரை வெளியீட்டு நிபந்தனை. என்.ஐ.எச். நிதியில் செய்த ஆய்வானால், 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளை வெளிவரும் நாளிலேயே எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வைக்க வேண்டும். இதழோடு ஒப்பந்தம் போடும் முன் இதைச் சொல்லிவிடுங்கள். ஆள் எடுக்கும் விளம்பரத்தை அந்த வாரமே கொடுங்கள். நேர்காணல், ஆணை, சேரும் நாள் என்று அதற்கு மட்டும் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும், நிதியின் கடிகாரமோ ஆணையில் உள்ள தேதியிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும்.